காது ஓரத்துப் பாலுண்ணி

ஜூலை 2, புதன்

சுருளிவேல் மாஸ்டர் இன்று பயிற்சிக்கு வரும் ஒன்பது பேருக்கும் ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார். தினமும் எத்தனை நிமிடத்தில் ஓடினோம், என்ன சாப்பிட்டோம், எத்தனை மணிக்குப் படுத்தோம் என்று எழுத வேண்டுமாம். "பட்டாளத்துல நாங்க எழுதாத நாளே கெடையாது" என்றார். பட்டாளத்தில் அவர் இருபது வருஷம் இருந்தது சமையல்கட்டில் என்று என்னோடு பயிற்சிக்கு வரும் ரெஜினா சொல்கிறாள். இருக்கட்டும். ஓட்ட நேரத்தை மட்டும்தான் பார்ப்பார். மிச்ச இடத்தில் நான் என் இஷ்டத்துக்கு எழுதப்போகிறேன்.

பெயர் பாண்டிச்செல்வி. வயது இருபத்தெட்டு முடியப்போகிறது. போலீஸ் எழுத்துத் தேர்வில் பாஸ். இருபத்து மூன்றாம் தேதி மதுரையில் உடற்தகுதி. நானூறு மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள் ஓடினால் உள்ளே, இல்லாவிட்டால் அத்தோடு வீட்டுக்கு. அடுத்த முறை விண்ணப்பம் போட வயது இடம் கொடுக்காது. இதுதான் கடைசி.

இன்றைய நேரம்: 1 நிமிடம் 41. ஏழு வருஷம் துணிக்கடையில் உட்காராமல் நின்று வேலை பார்த்த கால் இது. தூங்கிக்கொண்டே ஓடினாலும் இரண்டரை நிமிடம் ஆகாது.

இரண்டு வருஷத்துக்கு முன்பும் இதே உடற்தகுதி வரை போனேன். முந்நூறு மீட்டரில் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது, நின்றுவிட்டேன். கால் செய்த வேலை அது. மாஸ்டர் அதை வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிவதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஜூலை 5, சனி

1:40.

ஓடுகிற இடம் ஊருக்கு மேற்கே உள்ள கண்மாய். தண்ணீர் வற்றிப் புல் முளைத்துக் கிடக்கிறது. போன வாரம் வரை இங்கே ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். கிடை போன பிறகும் புழுக்கை போகவில்லை. அதிலேயே மல்லாக்கப் படுத்து வயிற்றுப் பயிற்சி அறுபது தடவை. ரெஜினா துண்டு விரித்துக்கொண்டாள். நான் விரிக்கவில்லை. "இன்ஸ்பெக்டரம்மா, துண்டு வேணாமா?" என்று கேட்டாள். துண்டு விரித்துப் படுக்கிறவளை எந்தத் திருடன் பார்த்துப் பயப்படுவான் என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர்கூட.

ஜூலை 8, செவ்வாய்

1:40. கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு.

அம்மா ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்கு ஜீப் ஏறும் முன் விடியற்காலையில் எனக்குத் தலை சீவிக் கொண்டை போட்டுவிடுவாள். எனக்கே போடத் தெரியும், ஆனால் அவள் போட்டால்தான் ஓடும்போது அவிழாது. இன்று சீவும்போது விரல் நின்றது.

"ஏண்டி, வலது காதுக்குப் பின்னாடி ஒரு பாலுண்ணி வந்துருக்கு. மொளகு கணக்கா இருக்கு."

"வலிக்கல. சும்மா நமநமன்னு இருக்கு."

"பாலுண்ணி வலிக்காது. இரு."

சீப்பில் சிக்கியிருந்த என் முடி ஒன்றையே எடுத்து அதன் அடியில் சுற்றி முடிச்சுப் போட்டாள். ரத்த ஓட்டம் நின்று பத்து நாளில் தானாக உதிர்ந்துவிடுமாம். அம்மாவின் கழுத்தில் இருந்த மூன்றும் இப்படித்தான் போயின. வெளியே ஜீப்காரர் ஆரன் அடித்தார், போய்விட்டாள்.

ஜூலை 10, வியாழன்

1:39. என் சாதனை. மாஸ்டர் அடுத்தவளைக் கூப்பிட்டார். சபாஷ் என்று சொன்னால் வாய் தேய்ந்துவிடும்.

ஜூலை 12, சனி

1:58.

எழுதவே பிடிக்கவில்லை. நேற்றிலிருந்து ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று இருக்கிறது. டிவி சத்தம் எரிச்சல். பக்கத்து வீட்டுக் குக்கர் சத்தம் எரிச்சல். ரெஜினா என் நேரத்தைக் கேட்டாள், "நீ என்ன எனக்குக் கணக்குப்பிள்ளையா?" என்று கத்திவிட்டேன். பாவம், அவள் எப்போதும் கேட்பதுதான்.

பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. புது ஷூவால் இருக்கும். கயிற்றைத் தளர்த்திக் கட்டினேன். போகவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

2:20.

இரண்டு இருபது! ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தவள்கூட இதைவிட வேகமாக ஓடுவாள். எனக்குக் காய்ச்சல் இல்லை, வலி இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை. கால் மட்டும் வேறு யாருடையதோ போல வருகிறது. வீட்டு வாசல்படியில் இரண்டு முறை தடுக்கினேன்.

அம்மா கொண்டை போடும்போது, பாலுண்ணி நல்ல பெருசாகிவிட்டது, மொச்சைக்கொட்டை அளவு இருக்கிறது என்றாள். விழப்போகிற மரு கடைசியில் ஊதத்தான் செய்யுமாம்.

பத்து நாள்தான் இருக்கிறது. நான் பயப்படவில்லை.

ஜூலை 14, திங்கள்

ஓடி முடிக்கவில்லை. இருநூறு மீட்டரில் முழங்கால் மடங்கி விழுந்தேன். எழுந்தேன், திரும்ப விழுந்தேன். ரெஜினா ஓடிவந்து தூக்கினாள். மாஸ்டர் விசிலை வாயிலிருந்து எடுக்காமல் நடந்து வந்தார்.

"என்னாச்சு?"

"கால் நிக்க மாட்டேங்குது சார்."

அவர் குனிந்து என் முழங்காலை, கணுக்காலை, கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தார். "வலிக்குதா?"

"இல்ல சார்."

"வீக்கம் இல்ல, சுளுக்கு இல்ல, வலி இல்ல. பாண்டிச்செல்வி, கால்ல ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் மண்டையில இருக்கு. போன தடவையும் இதேதான். தேதி நெருங்குனா ஒனக்குக் கால் நின்னுபோகும்."

எட்டுப் பேர் முன்னால் சொன்னார். என்னால் எழுந்து நின்று பதில் சொல்ல முடிந்திருந்தால் சொல்லியிருப்பேன். உட்கார்ந்துகொண்டே சண்டை போட முடியாது. புல்லைப் பிடுங்கிக்கொண்டு இருந்தேன்.

வீட்டுக்கு ரெஜினாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் அவள் பேசவில்லை. அவளும் அப்படித்தான் நினைக்கிறாள் போலிருக்கிறது. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை எனக்குத் தெரியாமல் நானே காலை நிறுத்துகிறேனா? சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று "நட, நட" என்று காலுக்குச் சொல்லிப் பார்த்தேன். நடிக்கிறவளுக்கு நடிக்கிறோம் என்று தெரியாமல் இருக்குமா?

ஜூலை 15, செவ்வாய்

காலையில் பாயிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. இடுப்புக்குக் கீழே ஒன்றும் சொன்னபடி கேட்கவில்லை. கிள்ளினால் உறைக்கிறது, ஆனால் தூக்கச் சொன்னால் தூக்காது. அம்மா ஜீப்பை அனுப்பிவிட்டு ஆட்டோ பிடித்தாள். ரெஜினாவும் ஏறிக்கொண்டாள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை.

அவசரப் பிரிவில் ஒரு சின்ன டாக்டர், உடற்தகுதி தேதியைக் கேட்டதும் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். "பரீட்சை வந்தா இப்படி நாலு கேஸ் வரும்." அப்புறம் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். கால் துள்ளவில்லை. மறுபடி தட்டினார். மற்றக் காலில் தட்டினார். சிரிப்பு போய்விட்டது. அதை நான் பார்த்தேன்.

பொட்டாசியம் குறைந்திருக்கும் என்றார்கள். ரத்தம் எடுத்தார்கள். அது சரியாக இருக்கிறதாம். பெண்கள் வார்டில் படுக்கை. சாயங்காலம் ஒரு பெண் டாக்டர் வந்தார். பெயர் மைதிலி ஹெக்டே, மேல்படிப்புக்காகக் கர்நாடகத்திலிருந்து வந்திருக்கிறாராம். தமிழை ஒரு குட்டி நோட்டில் எழுதி எழுதிக் கற்றுக்கொள்கிறார். "உங்களுக்குக் கால் வருதா?" என்று கேட்டார். எங்கேயிருந்து வர வேண்டும்? "நாய் கடிச்சதா? பாம்பு? பூச்சி? தோல்ல புண்ணு, கட்டி?" எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். இருந்தால்தானே சொல்வதற்கு.

எழுதும்போதே பேனா நழுவுகிறது. என் கையெழுத்து இப்படி இருக்காது.

ஜூலை 16, புதன், காலை

நான் ரெஜினா. இவளால் கை தூக்க முடியவில்லை. சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். இவள் சொல்லாததையும் எழுதுவேன், இப்போது என்னிடமிருந்து நோட்டைப் பிடுங்க முடியாது.

சொன்னது: பெரிய டாக்டர் வந்து பார்த்தார். கிருமிக் காய்ச்சல் வந்து போனதற்குப் பிறகு நரம்பைத் தாக்கும் ஒரு வியாதி இருக்கிறதாம், அதுவாக இருக்கலாமாம். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். அதிலும் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. சாயங்காலத்திலிருந்து பெரிய ஊசி மருந்து ஏற்றுவார்கள். மூச்சுக்கு மெஷின் வைக்கிற அறையில் ஒரு படுக்கை பார்த்து வைத்திருக்கிறார்கள்.

சொன்னது: மாஸ்டரிடம் சொல்லு, நான் இருபத்து மூன்றாம் தேதி வருவேன் என்று.

சொல்லாதது: விடிந்ததிலிருந்து இவள் கண் ஓர் இடத்தில் நிற்கவில்லை. ஃபேனைப் பார்க்கிறாள், கதவைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள். தண்ணீர் கொடுத்தால் மூக்கு வழியாக வருகிறது. பேச்சு குழறுகிறது. இரண்டு தடவை கேட்டுத்தான் எழுதுகிறேன்.

இப்போது மைதிலி டாக்டர் வந்து இவள் நெஞ்சில் கை வைத்து, "உசிரு ஆடுதா? உசிரு ஆட கஷ்டமா?" என்று கேட்டார். இவள் அம்மா, எனக்குப் பெரியம்மா, "அய்யய்யோ, எம்பிள்ளைக்கு உசிரு ஆடுதுங்குறாங்களே!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார்கள். டாக்டர் பயந்துபோய்விட்டார். அவர்கள் பாஷையில் உசிரு என்றால் மூச்சாம். நர்ஸ் வந்து சொன்ன பிறகுதான் எல்லோருக்கும் புரிந்தது. டாக்டர் தன் குட்டி நோட்டில் எதையோ அடித்துவிட்டு எழுதிக்கொண்டார்.

சொன்னது: (புரியவில்லை. மூன்று தடவை கேட்டேன். "ஓடு" என்கிறாளா "விடு" என்கிறாளா என்று தெரியவில்லை.)

அதே நாள், மதியம்

ரெஜினாதான். மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். இவள் பிறகு கேட்பாள்.

படுக்கையில் கொண்டை உறுத்துகிறது என்று பெரியம்மா இவள் தலையை மடியில் வைத்து முடியை அவிழ்த்தார்கள். அப்போது என்னிடம், "ரெஜினா, பாலுண்ணிக்குக் கட்டுன முடி அவுந்துருச்சு பாரு. வேற ஒண்ணு எடுத்துக் குடு" என்றார்கள். மகள் இப்படிக் கிடக்கிறாள், இவர்கள் மருவுக்கு முடி கட்டுகிறார்கள் என்று எனக்கு ஆத்திரம். கையில் ஏதாவது வேலை இல்லாவிட்டால் அவர்களால் இருக்க முடியவில்லை, அதுதான் விஷயம்.

எதிர்ப் படுக்கையில் ஊசி போட்டுக்கொண்டிருந்த மைதிலி டாக்டர் திரும்பினார்.

"என்ன சொன்னீங்க? ஹாலு... பாலு... உண்ணெ? உண்ணெ எங்கெ?"

"உண்ணி இல்லைங்க டாக்டர், பாலுண்ணி" என்றார்கள் பெரியம்மா. "மரு. சும்மா தோல்ல வர்றது."

"உண்ணெ-ன்னா பூச்சி. ஆடு, மாடு மேல இருக்கும். ரத்தம் குடிக்கும். எங்க ஊர்ல காட்டுக்குப் போனா உண்ணெ கடிச்சு குரங்குக் காய்ச்சல் வரும். சின்ன வயசுலேருந்து பயம்."

"அது ஆட்டுல ஏறுறதுங்க. இது பாலுண்ணி. வேற." டாக்டருக்குத் தமிழ் தெரியவில்லையே என்று பெரியம்மா என்னைப் பார்த்தார்கள். நானும் உதவிக்கு வந்தேன். "பேருதான் அப்படி, மேடம். பூச்சி கெடையாது. எல்லாருக்கும் வர்றது."

"பேரு ஏன் அப்படி?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். இத்தனை வருஷம் சொல்கிறோம், யார் யோசித்தது?

காதை மடக்கி, முடியை விலக்கி, போன் விளக்கை அடித்தார். குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். உரித்த ஆமணக்கு முத்து மாதிரி, சாம்பல் நிறத்தில், பளபளவென்று. பெரியம்மா கட்டின முடிச்சு பக்கத்தில் தளர்ந்து கிடந்தது. விளக்கு பட்டதும் அடியில் ஏதோ மெல்ல அசைந்தது.

"அம்மா," என்றார் டாக்டர், "மருவுக்குக் கால் இருக்காது."

பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டார்கள். நர்ஸ், "மண்ணெண்ணெய் ஊத்தவா டாக்டர்? ஊதுவத்தி வச்சுச் சுட்டா விட்டுரும்" என்றார். "வேண்டா, வேண்டா. சுட்டா, பிதுக்குனா இன்னும் விஷம் உள்ள போகும்." மெல்லிய இடுக்கி ஒன்று வரவழைத்து, தோலை ஒட்டி அதன் வாயைப் பிடித்து, திருகாமல், நேராக, நிதானமாக இழுத்தார். முழுசாக வந்தது. குப்பியில் போட்டு மூடினார். பிறகு இரண்டு நர்ஸ்களை வைத்துத் தலை முழுக்க, அக்குள், தொப்புள், விரல் இடுக்கு எல்லாம் தேடினார்கள். வேறு இல்லை.

பெரிய டாக்டர் வந்து குப்பியைப் பார்த்தார், இவளைப் பார்த்தார். சில பெண் உண்ணிகள் நாள்கணக்கில் கடித்துக்கொண்டே இருந்தால் அவற்றின் எச்சிலில் உள்ள விஷம் காலில் தொடங்கி மேலே ஏறுமாம். நெஞ்சுக்கு வந்தால் மூச்சு நிற்குமாம். தமிழ்நாட்டில் அவர் இதுவரை பார்த்ததில்லையாம். பெரிய ஊசி மருந்தை நிறுத்திவைக்கச் சொன்னார். "இதுதான் காரணம்னா நாளைக்கே தெரிஞ்சுரும். ராத்திரி பூரா மூச்சை மட்டும் பார்த்துக்கிட்டே இருக்கணும்" என்றார். மைதிலி டாக்டர் தான் இருப்பதாகச் சொன்னார்.

ஜூலை 17, வியாழன்

நான்தான். எழுத்து கோணல். ஆனால் நான்.

காலையில் தண்ணீர் தொண்டை வழியாகப் போனது. பிறகு வலது கைக் கட்டைவிரல். பிறகு நாலு விரலும். பத்து மணிக்கு மைதிலி டாக்டர் "கையை இறுக்கிப் பிடிங்க" என்றார். பிடித்தேன். "அம்மாடி" என்று தமிழில் கத்தினார்.

குப்பியை வாங்கிப் பார்த்தேன். என் ரத்தத்தில் ஊதியது. எட்டுக் கால். அம்மா அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டேன் என்கிறாள். "உண்ணிக்குப் போயி முடி கட்டி விட்டுருக்கேனேடி, பாவி" என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறாள். ரெஜினா, "மாஸ்டர் சொன்னது சரிதான், மண்டையிலதான் இருந்துருக்கு" என்றாள். சிரித்தேன். சிரிக்கும்போதே அழுகை வந்துவிட்டது. பிழைத்துவிட்டோம் என்பதற்காக இல்லை. நான் நடிக்கவில்லை. கால் நின்றது நிஜம். குப்பியில் இருக்கிறது.

ஜூலை 18, வெள்ளி

கட்டிலைப் பிடித்து நின்றேன். ஆறு அடி நடந்தேன். முழங்காலில் சுத்தியல் தட்டியபோது கால் துள்ளி டாக்டர் மேல் பட்டது. யாரும் திட்டவில்லை.

ஜூலை 19, சனி

வார்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நாற்பத்திரண்டு தப்படி. ஒன்பது தடவை. உட்கார முடியவில்லை. நர்ஸ் படுக்கச் சொல்லிச் சத்தம் போடுகிறார். படுத்தால் யோசனை வருகிறது, அதுதான் நடக்கிறேன்.

இதையும் எழுதிவிடுகிறேன். இந்த நோட்டின் முதல் பக்கத்தில் நான் எழுதியது பொய். இரண்டு வருஷத்துக்கு முன்பு கெண்டைக்கால் இழுக்கவில்லை. முந்நூறு மீட்டரில் எனக்கு முன்னால் நாலு பேர் ஓடினார்கள், ஓரத்தில் ஒரு அதிகாரி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோற்றால் எல்லோரும் பார்ப்பார்கள் என்று தோன்றியது. நின்றுவிட்டேன். நின்ற பிறகு காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாஸ்டர் அன்று வேலி ஓரத்தில் இருந்தார். அவர் பார்த்தது சரிதான்.

அன்று நடித்தேன். அதனால் இப்போது நிஜமாகவே விழுந்தபோது ஒருத்தரும் நம்பவில்லை. நானே நம்பவில்லை. இன்னும் இரண்டு நாள் யாரும் என்னை நம்பாமல் இருந்திருந்தால், நானும் என்னை நம்பாமல் இருந்திருந்தால், மூச்சு நின்றிருக்கும்.

ஜூலை 20, ஞாயிறு

வீடு. மைதிலி டாக்டர் ஆஸ்பத்திரி வாசல் வரை வந்தார். ஓடலாமா என்று கேட்டேன். "ஓடலாம். ஆனா பழைய மாதிரி உடனே வராது" என்றார். எவ்வளவு நாளாகும் என்றதற்கு அவருக்கே தெரியாதாம். தன் குட்டி நோட்டைக் காட்டினார். 'பாலுண்ணி = மரு. உண்ணி அல்ல' என்று எழுதி, பக்கத்தில் பெரிய கேள்விக்குறி.

ஜூலை 21, திங்கள்

மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. அம்மா கொடுத்த காப்பியை நின்றுகொண்டே குடித்தார். கண்மாயில் இனிப் பயிற்சி கிடையாதாம், பள்ளிக்கூடத்து மைதானத்தில் கேட்டு வாங்கிவிட்டாராம். எட்டுப் பேரையும் வரிசையாக நிற்க வைத்துக் காதை மடக்கிப் பார்த்துவிட்டுத்தான் விசில் ஊதுகிறார் என்று ரெஜினா சொன்னாள்.

"நோட்டைக் குடு" என்றார்.

பதினான்காம் தேதியைப் படித்தால்? பத்தொன்பதாம் தேதியைப் படித்தால்? பக்கங்களைப் புரட்டினார். நான் விழுந்த நாளிலிருந்து நேரம் எழுதாமல் கிடந்த நாள்களைத் தேடிப் பிடித்து, சட்டைப் பையிலிருந்து சிவப்பு மைப் பேனாவை எடுத்து, 14, 15, 16, 17, 18, 19, 20 என்று ஓரத்தில் ஒவ்வொன்றாக எழுதி, எதிரே 'உடல்நலக் குறைவு, விடுப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதினான்காம் தேதிக்குக் கையெழுத்து கொஞ்சம் அழுத்தமாக விழுந்திருக்கிறது. படித்தாரா என்று தெரியவில்லை.

"நாளைக்குச் சாயங்காலம் பஸ்ஸு. ரெஜினா சித்தி வீட்டுல தங்கிக்கலாம். வர்றியா?"

"வர்றேன் சார்."

"சரி" என்று போய்விட்டார்.

இன்று தெருவில் ஓடிப் பார்த்தேன். தெரு முனை வரைதான். தொடை இரண்டும் கல்லாகக் கனக்கிறது.

ஜூலை 22, செவ்வாய்

பஸ்ஸில் எழுதுகிறேன். அம்மாவும் வருகிறாள், அரை மணிக்கு ஒரு தடவை என் தலைமுடிக்குள் விரலை விட்டுப் பார்க்கிறாள். பேன் பார்க்கிறாள் என்று எதிர் சீட்டுக்காரி முகத்தைச் சுளிக்கிறாள். பார்க்கட்டும்.

ஜூலை 23, புதன்

மதுரை. ரெஜினாவின் சித்தி வீட்டு மாடி. வெயில் இறங்கிவிட்டது.

காலை ஏழு மணிக்கு உயரம் அளந்தார்கள், சான்றிதழ் பார்த்தார்கள். மார்பில் எண் ஒட்டினார்கள். என் எண் 118. ரெஜினா எனக்கு முந்தைய வரிசையில் ஓடி ஒன்று முப்பத்தெட்டில் முடித்தாள். பிறகு என் வரிசை, பத்துப் பேர்.

விசில். நூறு மீட்டர் சரியாகத்தான் போனது. நூற்றைம்பதில் ஒன்பது பேரும் எனக்கு முன்னால். இருநூற்றில் தொடை பின்னால் இழுத்தது, அது நிஜமான இழுப்பு. முந்நூறை நெருங்கும்போது ஓரத்தில் ஓர் அதிகாரி கடிகாரத்தோடு நின்றார். அதே பயம் வந்தது. நின்றுவிடு, உனக்குத்தான் நல்ல காரணம் இருக்கிறதே, ஆஸ்பத்திரிச் சீட்டுகூட இருக்கிறது, யாரும் உன்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள் என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டே வந்தது. அது சொன்னது எல்லாம் சரி. நின்றிருந்தால் அம்மா அணைத்துக்கொண்டிருப்பாள். மாஸ்டர் சிவப்பு மையில் இன்னொரு கையெழுத்துப் போட்டிருப்பார்.

ஓடினேன். ஓட்டம் என்று அதைச் சொல்ல முடியாது, கிட்டத்தட்ட நடைதான். கோட்டைத் தாண்டி மண்ணில் கைகளை ஊன்றி விழுந்தேன். எழுந்து நேரத்தைக் கேட்டேன்.

2 நிமிடம் 26. தகுதி.

வெளியே கேட்டுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் அம்மாவும் மாஸ்டரும் நின்றிருந்தார்கள். ரெஜினா முன்னாலேயே ஓடிப்போய்ச் சொல்லிவிட்டாள். அம்மா அழுதாள். வேலி வழியாக ஓட்டத்தைப் பார்த்திருந்த மாஸ்டர் என் காலைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"முந்நூறுல ஏன் வேகம் கொறைஞ்சுச்சு? கால் இழுத்துருச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"காலும் இழுத்துச்சு சார். ஆனா அதுக்குக் கொறையல. பயந்துட்டேன்."

அவர் காலிலிருந்து கண்ணை எடுத்து என் முகத்தைப் பார்த்தார்.

"பயந்துக்கிட்டேயா ஓடுன?"

"ஆமா சார். போன தடவையும் பயம்தான். இழுக்கல."

"தெரியும்" என்றார். "நோட்டுல படிச்சேன்."

அதோடு திரும்பி, இளநீர்க்காரரிடம் நாலு காய் வெட்டச் சொன்னார்.

நாளைக்கு நீளம் தாண்டுதல், பந்து எறிதல், நூறு மீட்டர். தொடை வீங்கியிருக்கிறது. அம்மா வெந்நீர் வைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது.